சின்னப் பிளேனில் பிள்ளைகள் வரலாமா: முள்ளியவளை அக்கா ஒருவரின் கேள்விக்குப் பதில்

முள்ளியவளையில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். இலண்டனில் இருக்கும் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளோடு வைகாசி விசாகத்தில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். கொழும்பில் இருந்து ஹயஸ் வானில் ஏழெட்டு மணி நேரம் குந்தியிருந்து வருவது பிள்ளைகளுக்குக் கடினம் என்று, இரத்மலானையில் இருந்து பலாலிக்குச் சிறிய விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடிக்க மருமகன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் மூத்த பேரன், எமிலியானோ சாலா என்ற காற்பந்து வீரர் சிறிய விமானம் ஒன்றோடு கடலுக்கு மேலே காணாமற்போன கதையைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அக்காவுக்கு நித்திரை இல்லை. "சின்னப் பிளேன் எண்டால் விழும்தானே தம்பி, நான் மறிக்கட்டோ?" என்பதுதான் கேள்வி.

நான் நெடுங்கேணியில் பிறந்து, வெளிநாட்டில் சிறிய விமானங்களின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வவுனியாவில் வசிக்கிறேன். அக்கா, மறிக்க வேண்டாம். ஆனால் மருமகன் விமானத்தின் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டுவாராக இருந்தால், கட்டாயம் மறியுங்கள். சிறிய விமானத்தின் ஆபத்து அதன் பருமனில் இருப்பதைவிட, அதை யார், எந்த அனுமதியோடு, எந்த நேரத்தில், எந்த வானிலைக்குள் எடுத்துச் செல்கிறார் என்பதில்தான் கூடுதலாக இருக்கிறது. சாலாவின் கதையை முழுதாகப் பார்த்தால் இது விளங்கும்.

2019 ஜனவரி 21 அன்று, பிரான்சின் நான்ற் நகரத்தில் இருந்து வேல்ஸின் கார்டிஃப் நகரத்துக்கு, ஒற்றை எஞ்சின் பூட்டிய பைப்பர் மலிபு விமானத்தில் அவர் புறப்பட்டார். விமானியும் அவரும் மட்டுமே அதில் இருந்தார்கள். காலையில் புறப்படுவதாக இருந்த பயணம் பின்னேரத்துக்குத் தள்ளிப்போய், இருட்டிய பின்னரே விமானம் எழும்பியது. ஆங்கிலக் கால்வாயில் கேர்ன்சித் தீவுக்கு அண்மையில் அது ராடார் திரையில் இருந்து மறைந்தது. மூன்று நாள் தேடிவிட்டு அதிகாரிகள் தேடுதலை நிறுத்திவிட்டார்கள். பின்னர் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் தனியார் கப்பல் ஒன்று கடலடியைத் துழாவி, பெப்ரவரி 3 அன்று, ஏறத்தாழ 68 மீற்றர் ஆழத்தில் உடைந்த விமானத்தைக் கண்டுபிடித்தது. சாலாவின் உடல் கிடைத்தது; விமானியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அந்த விமானிக்குக் கூலிக்கு ஆள் ஏற்றும் அனுமதி இருக்கவில்லை. இரவில் பறப்பதற்குரிய தகுதியும் இருக்கவில்லை. அந்த வகை விமானத்தைச் செலுத்துவதற்கான தகுதியும் சில வாரங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. முகிலுக்குள் அகப்படாமல் விலகுவதற்காக விமானத்தைத் திருப்பியபோது, அது கட்டுப்பாட்டை இழந்து, தாங்கக்கூடிய வேகத்தைக் கடந்து, கடலில் விழும் முன்னரே உடையத் தொடங்கியது என்பது விசாரணையாளரின் முடிவு. சாலாவின் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் 58 வீதம், எஞ்சின் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவால் பற்றப்பட்டிருந்ததாகவும் தெரியவந்தது. அந்தளவு வாயு உடலில் ஏறினால் மனிதர் நினைவோடு இருப்பதே அரிது. அதே காற்றைத்தான் விமானியும் சுவாசித்துக்கொண்டிருந்தார். பயணத்தை ஒழுங்குசெய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால், பயணிகள் சேவை அனுமதி இல்லாத ஒருவர், "டீசல் காசு மட்டும் தாங்கோ" என்று தன் சொந்த வாகனத்தில், இராத்திரியில், மழைக்குள் ஆள் ஏற்றிக்கொண்டு போனதற்கு ஒப்பானது அது. செலவைப் பகிர்ந்துகொண்டு நண்பரை ஏற்றிப் பறப்பதற்குத் தனியார் விமானிகளுக்குப் பல நாடுகளில் இடமுண்டு. கூலிக்கு ஏற்றுவதற்கு இடமில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு காகிதத்தில் மெல்லியதாகத் தெரிந்தாலும், கூலிக்கு ஏற்ற அனுமதி பெற்றவரின் பக்கத்தில்தான் கூடுதல் கண்டிப்பான மருத்துவப் பரிசோதனை, திரும்பத் திரும்ப வரும் பயிற்சித் தேர்வு, விமானியின் ஓய்வு நேரக் கணக்கு, எஞ்சின் சோதனைப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன.

காபனோரொட்சைட்டு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் கையால் தொட்டுப் பார்த்த விடயம் அது. பெற்றோலில் ஓடும் பழைய வகைச் சிறு எஞ்சின்களில், பயணிகள் இருக்கும் அறைக்குச் சூடு கொடுப்பதற்குத் தனியான கருவி பெரும்பாலும் கிடையாது. புகை வெளியேறும் குழாயைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு இருக்கும். வெளிக்காற்று அந்தக் கூட்டுக்குள் புகுந்து, குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரும். குழாயில் வெடிப்பு விழுந்தால் புகையும் அதே வழியால் உள்ளே வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருமுறை வருடாந்தச் சோதனைக்கு வந்த நான்கு ஆசன விமானம் ஒன்றின் கூட்டைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் பல் வைத்தியரிடம் இருப்பதைப் போன்ற சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது, குழாயின் அடிப்பக்கத்தில் திருநீறு பூசினாற்போல ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், கோட்டின் நுனியில் நகத்தின் நீளம்கூட இல்லாத வெடிப்பு. அந்த விமானம் முதல்நாள்தான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியிருந்தது. தாய்க்குத் தலையிடி என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்களாம். உரிமையாளர் என்னிடம், "ஒட்டிவிட்டு ஒப்பமிடு, சனிக்கிழமை எனக்கு வேண்டும்" என்றார். நான் ஒப்பமிடவில்லை. அந்த வேலையை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அதை முறையாகச் செய்தார்களா என்ற நினைப்பு இன்றும் சில இரவுகளில் என்னை எழுப்பிவிடுகிறது.

இலங்கையில் வாடகைப் பயணத்துக்கு வழக்கமாக ஓடும் செஸ்னா கரவன் விமானத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அதில் இருப்பது டர்பைன் எனப்படும் சுழலி எஞ்சின். அறைக்கு வரும் சூடான காற்று, எரிபொருள் கலப்பதற்கு முன்னர் காற்றை அழுத்தும் அமுக்கிப் பகுதியில் இருந்து எடுக்கப்படுகிறது. அத்தோடு எங்கள் வெயிலில் ஹீற்றரைப் போடுபவரும் இல்லை. ஆனால் மருமகன் இலண்டனில் நண்பர் யாருடைய சிறு விமானத்திலாவது ஏறுபவராக இருந்தால், சத்தமிட்டு எச்சரிக்கும் காபனோரொட்சைட்டு மானி ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் விலை ஒரு நல்ல சப்பாத்தின் விலைகூட வராது. சாலா ஏறிய விமானத்தில் அப்படிச் சத்தமிடும் கருவி ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது முகில். தொடுவானம் கண்ணுக்குத் தெரியாதபோது, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதை உடம்பு தானாக அறியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, விமானம் மெதுவாகச் சரியும்போது நேராக நிற்பதாகவே சொல்லும். 1950களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரைச் செயற்கையாக முகிலுக்குள் விட்டதுபோலச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 ஜூலையில் அமெரிக்க முன்னாள் சனாதிபதி கென்னடியின் மகன், தன் பைப்பர் விமானத்தை இரவில், மங்கலான வானத்தில், கடலுக்கு மேலே செலுத்தி மனைவியோடும் மைத்துனியோடும் இறந்ததும் இந்தத் தடுமாற்றத்தால்தான். ஆகவே விமானிக்குக் கருவிப் பறத்தல் தகுதி இருக்கிறதா என்பதே மருமகன் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

வைகாசி மாதத்தில் அதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நேரம் எங்கள் வன்னியில் நிலம் வெடித்துக் கிடக்கும், சோளகம் வீசிப் புழுதி கிளம்பும். இங்கே நின்று வானத்தைப் பார்ப்பவர்களுக்கு, பறப்பதற்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். ஆனால் அதே நாளில் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கத்தில் மழையைக் கொட்டிக்கொண்டிருக்கும். புறப்படும் இடத்தில் முகிலும் மழையும், இறங்கும் இடத்தில் பலத்த காற்றும் என்ற இரண்டையும் ஒரே பயணத்தில் விமானி சமாளிக்க வேண்டும். பின்னேரங்களில் இடிமுகில் திரளும். அதற்குள் பெரிய விமானமே போகாது. ஆதலால் காலை நேரத்துப் பறப்பையே கேளுங்கள். மார்கழிப் பக்கம் வருபவர்களுக்குக் கணக்கு மாறும். அப்போது மழை எங்கள் பக்கத்தில்.

காணாமற்போதல் என்ற சொல் வன்னியில் எத்தனை வீடுகளில் எரிகிறது என்பது எனக்கும் தெரியும். அக்கா பயப்படுவது விபத்துக்கு மட்டுமல்ல, ஒன்றும் தெரியாமற் போவதற்கும்தான் என்று நினைக்கிறேன். 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்ததை எங்கள் தலைமுறை மறக்காது. 2012 இல்தான் அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அண்மையில் கடலடியில் இனங்காணப்பட்டன. பின்னர் கடலில் இருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து, உறவினரை வந்து அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். அந்த விமானம் போரில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. இயந்திரமோ விமானியோ அதற்குக் காரணமில்லை. அதையும் இன்றைய பயணத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய விமானம் மறைந்தால் செய்தி பல நாள் ஓடும். சிறியவை கூடுதலாக மறைவதற்கோ தொழில்நுட்பக் காரணம் உண்டு. கறுப்புப் பெட்டி என்று நாம் சொல்லும் பதிவுக் கருவி 5,700 கிலோவுக்கு உட்பட்ட சிறு விமானங்கள் பலவற்றில் இருப்பதில்லை. மோதலின்போது தானாக இயங்கிச் செய்மதிக்கு 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இடத்தை அறிவிக்கும் அவசரக் கருவி உண்டு. ஆனால் வானொலி அலை கடல்நீரை ஊடுருவாது, விமானம் தாழ்ந்துவிட்டால் அந்தக் கருவி ஊமைதான். 121.5 என்ற பழைய அலைவரிசையில் மட்டும் இயங்கும் கருவிகளை 2009 பெப்ரவரிக்குப் பிறகு செய்மதிகள் கேட்பதே இல்லை. எங்களுக்குப் பக்கத்துக் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2015 ஜூன் 8 அன்று இந்தியக் கரையோரக் காவற்படையின் டோனியர் விமானம் ஒன்று, தமிழ்நாட்டுக் கரையையும் பாக்குக் குடாவையும் சுற்றிப் பார்க்கச் சென்னையில் இருந்து மூன்று பேரோடு புறப்பட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மறைந்தது. ஒரு மாதம் தேடினார்கள். நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி அதில் இருந்தபடியால், நீர்மூழ்கி ஒன்று அந்த ஒலியைக் கேட்டு, கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்தில் சிதைவைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஒலி இல்லாதிருந்தால் அந்த மூன்று குடும்பங்களுக்கும் என்ன நடந்திருக்கும் என்பதை வன்னியில் விளக்க வேண்டியதில்லை.

எனவே மருமகன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அந்த விமானத்தில் 406 அவசரக் கருவி இருக்கிறதா, அது பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா, கரையோரமாகப் பறப்பதானால் ஒவ்வோர் ஆசனத்துக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பதாகும். பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா என்றும் கேட்கட்டும். அங்கியை விமானத்துக்குள்ளே ஊதவே கூடாது. வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே ஊதினால், நீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமற் போகும். 1996 இல் கொமரோஸ் தீவுக் கரைக்கு அண்மையில் கடலில் இறங்கிய எதியோப்பிய விமானத்தில் பலர் இப்படித்தான் இறந்தார்கள்.

இப்போது சூட்கேசுகளின் கதை. இலண்டனில் இருந்து வரும் பிள்ளைகள் ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்றோ இரண்டோ கொண்டுவருவார்கள். சொக்லேற்றும் சோப்பும் சித்தப்பாவுக்குச் சப்பாத்தும் இல்லாமல் எந்தப் பெட்டி வந்தது? பெரிய விமானத்தில் அது ஒரு பொருட்டல்ல. கரவனில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எடை கூடினால் எழும்புவதற்கு ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும், ஏறும் வேகம் குறையும்; வெயிலில் காற்று இலேசாகும்போது இரண்டும் இன்னும் மோசமாகும். பெட்டிகள் பின்பக்கத்தில் குவிந்தால் மூக்கு மேலெழும்பி விமானத்தை நிதானப்படுத்துவதே கடினமாகிவிடும். 2025 பெப்ரவரி 6 அன்று அலாஸ்காவில் பெரிங் எயார் கரவன் ஒன்று 10 பேரோடு மறைந்து, மறுநாள் கடற்பனியின்மேல் உடைந்து கிடக்கக் காணப்பட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. பனி படியும் வானிலையில் பறந்த அந்த விமானம், அனுமதித்த எடையைவிட 400 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்திருந்தது என்று விசாரணையின் முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. எங்களிடம் பனி இல்லை. எடைக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். இரத்மலானையில் உங்கள் பிள்ளைகளையும் பெட்டிகளையும் தராசில் நிறுத்தி எழுதினால் நல்ல அறிகுறி. "பரவாயில்லை, ஏத்துங்கோ" என்று ஒருவர் சொன்னால், பெட்டியோடு இறங்கிவிடச் சொல்லுங்கள். பெட்டிகளை முதல்நாளே வானிலோ பஸ்ஸிலோ ஊருக்கு அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

எஞ்சின் நின்றுவிட்டால் கல் மாதிரி விழும் என்று அக்கா நினைப்பது சரியல்ல. செட்டை இருக்கும்வரை விமானம் சறுக்கிக்கொண்டு இறங்கும். உயரத்தில் இருந்தால் இடம் தேடுவதற்கு விமானிக்குச் சில நிமிடங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் வன்னி என்பது காடும் குளமும் வயலும்தான். அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் பிழைக்கலாம், காடு கடினம். 2023 மே மாதம் கொலம்பியாவின் அமேசன் காட்டில் செஸ்னா 206 ஒன்று விழுந்தபோது, பெரியவர்கள் மூவரும் இறக்க, நான்கு பிள்ளைகள் 40 நாள் காட்டுக்குள் நடந்து உயிரோடு கிடைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது. காட்டில் எதைத் தின்னலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தது அவர்களுக்கு உதவியது. இதைப் பேரனுக்குச் சொல்லுங்கள். சாலாவின் கதையைக் கேட்டவன் இதையும் கேட்கட்டும்.

எண்ணிக்கையில் பார்த்தால், அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்கள் பறக்கும் ஒவ்வொரு 100,000 மணி நேரத்துக்கும் உயிரிழப்போடு கூடிய விபத்து ஏறத்தாழ ஒன்று நடக்கிறது. பெரிய பயணிகள் விமான சேவையோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு கூடியது; அதை மறைக்கக் கூடாது. ஆனால் உரிமம் பெற்ற நிறுவனம், தொழில்முறை விமானி, சுழலி எஞ்சின், பகல் நேரம் என்று வரும்போது அந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. மறுபக்கத்தில், இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். கட்டுநாயக்காவில் நள்ளிரவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, முதல்நாளும் நித்திரை கொள்ளாத சாரதி ஏ9 வீதியில் விடிய விடிய ஓட்டி வருவதைப் பாதுகாப்பான பயணம் என்று நாங்கள் பழகிப்போனோம். கண்ணுக்குப் பழகிய ஆபத்து சிறிதாகத் தெரிகிறது.

நிறுவனத்திடம் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை வழங்கிய விமானச் செயற்பாட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை மருமகன் எழுத்தில் கேட்கட்டும். பதில் தர மனமில்லாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. தனியொருவரின் விமானம், தெரிந்த ஆள், குறைந்த காசு என்று ஒரு பேச்சு வந்தால் அந்த இடத்தோடு விட்டுவிட வேண்டும். வவுனியாவிலோ இரணைமடுவிலோ இறக்கிவிடுகிறோம் என்று யாரும் சொன்னால், அவை விமானப்படையின் பொறுப்பில் இருக்கும் ஓடுபாதைகள் என்பதை நினைத்து, முன்அனுமதி எடுத்தாயிற்றா என்று கேட்கட்டும். காப்புறுதியையும் பார்க்க வேண்டும்: வெளிநாட்டில் எடுத்த பயணக் காப்புறுதிகள் சில, உரிமம் பெற்ற சேவையில் போனால்தான் செல்லுபடியாகும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது பொங்கலின் அவசரத்துக்கு. திங்கட்கிழமை பொங்கல், திங்கட்கிழமை காலை விமானம் என்று வைத்துக்கொண்டால், மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது மருமகன் விமானியின் முகத்தைப் பார்ப்பார், விமானி பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். போகலாம் என்று ஒரு வாய் சொல்லிவிடும். சாலாவுக்கும் மறுநாள் காலையில் புதிய கழகத்தில் பயிற்சி இருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு விமானத்தைப் பதியச் சொல்லுங்கள். பணம் கட்டும்போதே, வானிலை சரியில்லை என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் நாளை மாற்றுவோம் என்று விமானியிடம் மருமகன் சொல்லி வைக்கட்டும். அந்தச் சொல் விமானியின் தோளில் இருந்து பெரிய பாரத்தை இறக்கும். உங்கள் ஊர் வான்காரருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். விமானம் பறக்கவில்லை என்றால், முதல்நாள் இரவு நன்றாகப் படுத்தெழும்பிய சாரதி ஒருவரோடு, பகலில், கொழும்பில் இருந்து அவர்களை ஏற்றிவரட்டும். எட்டு மணி நேரம் பிள்ளைகள் சிணுங்குவார்கள். புளியங்குளத்தில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தால் நெடுங்கேணி வரையும் பேசாமல் வருவார்கள்.